கண் திறக்காத சுவாமியார்

துணி விழுந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. பாண்ட் வாத்தியக்காரர் வாசிப்பதைப் பாதியில் விட்டார்கள். ஏழடி உயரச் சீமெந்துச் சுவாமியாருக்குத் தாடி இருந்தது, அங்கி இருந்தது, கையில் சிலுவை இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை முட்டைகள்.

செய்தவன் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோபுரங்களுக்குப் பொம்மை வைக்கும் கந்தையா அண்ணையோடு ஊர் ஊராகத் திரிந்தேன். ஊர்காவற்றுறைப் பக்கம், ஒரு கடற்கரைச் சந்தியில் கிடைத்த இந்தச் சிலைதான் கிறிஸ்தவர்களான வேதக்காரருக்கு நாங்கள் செய்த முதல் வேலை. போர்த்துக்கேயப் பறங்கியர் கப்பலில் வந்து போதித்த ஸ்பானியக் குருவானவரின் சிலை. சீமெந்துக் கொட்டிலில் படுக்கை, இரண்டு நேரமும் பாணும் சம்பலும். அதற்கு முந்திப் படுத்த இடங்களைவிட அது நல்ல இடம்.

முகத்தை முடித்ததும் கந்தையா அண்ணைக்குத் திருகோணமலையில் வேறு வேலை வந்தது.

"மிச்சத்தை நீ பார். கண்ணை மட்டும் கடைசியிலை திற. நேரம் சொல்லுவினம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வேலையில் கண்மணி எழுதுவது கடைசி. கோயிலில் ஐயர் நேரம் குறித்துத் தருவார். திரைக்குள் நின்று எழுதுவோம். அப்படித்தான் இங்கும் என்று நினைத்தேன். திறப்பு விழாவன்று காலையில் நானே சிலையைத் துணியால் மூடிவிட்டு, கறுப்பு பெயின்ற் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டையோடு பின்னால் நின்றேன். யாராவது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கையில் கயிற்றை இழுத்துவிட்டார்கள்.

இதற்கு முன்பு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். புளியங்கூடல் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் என்னைச் சீண்டினார்.

"கோயில் இடிச்சவங்களோடை வந்தவருக்கோ தம்பி சிலை செய்யிறீர்?"

"எனக்கு எல்லாச் சாமியும் சீமெந்துதான் அண்ணை" என்றேன்.

கடையே சிரித்தது. மூலையில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிலை செய்விக்கும் வேதக் கோயிலின் மூப்பர், சபைப் பெரியவர், செபமாலை அண்ணை.

இப்போது என் சேட்டுக் கொலரைப் பிடித்தவரும் அவர்தான்.

"வேணுமெண்டுதானே குருடாக்கினனீர்? எல்லாச் சாமியும் சீமெந்து எண்ட வாய்தானே இது?"

"இல்லை அண்ணை. நேரம் சொல்லுவியள் எண்டு நிண்டனான்."

"என்ன நேரம்?"

பின்னாலிருந்து ஒரு குரல், "கையை முறியுங்கோடா" என்றது. சொன்னபடி செய்யக்கூடிய கூட்டம்தான். அந்தக் கை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

வேதக் கோயில் பாதர் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். சிலையைப் பார்த்தார். என் கையில் இருந்த சிரட்டையைப் பார்த்தார்.

"நேரம் நான் சொல்ல வேணுமோ?"

"ஓம் பாதர். கோயில்லை ஐயர் சொல்லுவார்."

அவர் மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தார். "பத்து இருபது. காணுமே?"

"காணும் பாதர், இந்த நேரம் போதும்."

ஏணியில் ஏறினேன். திரும்பிப் பார்த்தால், சிலைக்கு நேரே அவ்வளவு சனம். தூரிகை நகரவில்லை.

"முன்னுக்கு நிக்கிறவை விலத்துங்கோ."

"ஏன்?" என்றார் மூப்பர்.

"கண் திறந்த முதல் பார்வை ஆக்களிலை விழக்கூடாது அண்ணை."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. சைவக் கோயில் முறையை வேதக்காரர் விழாவில் கேட்கிறேன். மூப்பர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது உங்கடை முறை" என்றார்.

தூரிகையைச் சிரட்டையில் வைத்தேன்.

அவர் திரும்பி, "முதல்லை பிள்ளையளை விலத்துங்கோ!" என்று கத்தினார். பிள்ளைகள் போனார்கள். தாய்மார் போனார்கள். கடைசியாகப் பாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி விலகினார். றோட்டு வெறிச்சோடியது. அதற்கு அங்கால் கடல் மட்டும்.

மூப்பர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

வலது கண் சரியாக வந்தது. இடது கண்ணுக்குக் கை நடுங்கி, கண்மணி கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. இறங்கியபோது என் சேட்டு முழுக்க வேர்வை. அப்போதும் ஒருவரும் கைதட்டவில்லை. சிலர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த நாள் அந்தக் கண்ணைச் சரிப்படுத்தப் போனேன். மூப்பர் விடவில்லை.

"இருக்கட்டும். வெறும் சீமெந்துக்கு ஒருத்தரும் உப்பிடி நடுங்க மாட்டினம்" என்றார்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும், சீமெந்து குழைக்க முன்னமே அவர்களுடைய முறை என்னவென்று கேட்டுவிடுவேன். எல்லாச் சாமியும் சீமெந்து என்ற அந்தப் பகிடியை மட்டும் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் பிறகு சொன்னதில்லை.