மன்னார்குடி மழைக்கு எரிந்த விளக்குகள்

இன்று காலை பத்தேகால் மணிக்கு ஆபீஸில் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். பாலிகஞ்சிலிருந்து ஆள் வந்து சொன்னான், அனந்தகிருஷ்ணன் விடியற்காலையில் போய்விட்டான் என்று. நான்கு நாள் காய்ச்சல். முப்பத்தைந்து வயது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவனைப் பற்றி நாலு வரி எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அதற்கு நான் பொறுப்பில்லை. அவன் அப்படி வாழ்ந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு, தை மாதம் மன்னார்குடியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, நான் வேலை பார்த்த மின்சாரக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தான். மெஸ்ஸில் எனக்குப் பக்கத்துப் பாய். மாமனார் எழுதிய கடிதம் ஒன்றைப் பூணூல் மாதிரி எந்நேரமும் உடம்போடு வைத்திருப்பான். வேலை நிரந்தரமானால்தான் பாகீரதியை அனுப்புவேன், அதுவரை கேட்டு எழுத வேண்டாம் என்று அதில் இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம். சேர்ந்து இருந்தது இருபத்திரண்டு நாள். மானேஜர் துரையோ, “நகரசபை ஒப்பந்தம் முடிந்து விளக்கு எரியட்டும், நிரந்தரமாக்குகிறேன்” என்று சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஒப்பந்தத்தைப் பற்றித் துரையைவிட அதிகம் கவலைப்பட்டவன் அனந்துதான்.

கிடர்பூருக்குத் தெற்கே ஒரு சிறிய நகரசபை. அங்கே இருபது வருஷம் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் உரிமை கம்பெனிக்கு மட்டும். இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்று துரை கேட்டுக்கொண்டே இருந்தார், நகரசபை தரவில்லை. பதிலுக்கு, வருஷத்துக்கு ஒரே கட்டணத்தில் தெருவிளக்கு. கம்பம், கம்பி, பள்ளம் எல்லாம் பதினைந்து நாளில் தீர்ந்தன. தீராதது நிலா.

“மாதாமாதம் பௌர்ணமியை ஒட்டி ஆறு ராத்திரி விளக்கு எதற்கு? ஆகாயத்திலேயே இருக்கிறதே” என்றார் துரை.

“அது உங்கள் கம்பெனிச் சரக்கா?” என்றார் சேர்மன் கோஷால் பாபு. “முழு வருஷத்துக்கும் எங்களிடம் வாங்கிக்கொள்வீர்கள், ஆறு ராத்திரி சந்திரனை வேலைக்கு வைப்பீர்கள். அவனுக்குச் சம்பளம் யார் தருவது?”

இப்படியே இரண்டு மாதம். ஒவ்வொரு கூட்டத்திலும் சேர்மன் வீட்டிலிருந்து சந்தேஷ் என்ற பால் இனிப்பு வரும். அனந்து இடது கையால் தின்றுகொண்டே வலது கையால் சுருக்கெழுத்து எழுதுவான். இடது கையால் தின்றதைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான், இப்போது சொல்லிவிட்டேன்.

“இன்னிக்கு என்னடா ஆச்சு?” என்று கேட்பேன்.

“சந்திரனைப் பாதி நகத்தியாச்சு. இன்னும் ரெண்டு தட்டு சந்தேஷ் ஆகும்.”

கடைசியில் சமரசம் வந்தது. நிலா ராத்திரிகளில் விளக்கு இல்லை. மழை மாதங்களில் மட்டும், மேகம் மூடும் என்பதால், நிலா இருந்தாலும் எரிய வேண்டும். மழை மாதங்கள் எவை என்று அட்டவணை போடும் வேலை அனந்துவுக்கு வந்தது. யோசிக்கவே இல்லை. அக்டோபர் பதினைந்து முதல் டிசம்பர் பதினைந்து வரை என்று அழகாக அடித்துவிட்டான். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதானே! கல்கத்தாவின் மழையை அவன் இன்னும் பார்க்கவில்லை. இரு தரப்பு வக்கீல்களும் அந்த ஆறு ராத்திரியையே முறைத்துக்கொண்டிருந்ததால் மாதத்தை ஒருவரும் படிக்கவில்லை. சித்திரை வெயிலில் விசிறிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூலையில் விளக்கு எரிந்தது. ஊரே தெருவில் நின்று பார்த்தது. எட்டாம் நாள் நிலா ராத்திரிகள் தொடங்கின. கம்பெனி ஒப்பந்தப்படி விளக்கை அணைத்தது. மழையோ குடம் குடமாகக் கொட்டியது. கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய கோஷால் பாபு, இருட்டில் மூன்றாவது வீட்டைத் தம் வீடென்று நினைத்து உள்ளே போய், ஈர வேட்டியோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஹூக்கா கேட்டாராம். கொண்டுவந்தவள் அந்த வீட்டு எஜமானி.

மறுநாள் குடை சொட்டச் சொட்ட கம்பெனிக்கு வந்துவிட்டார். “ஆஷாடத்தில் மழை இல்லையா?”

துரை அட்டவணையைப் பிரித்தார். முகம் மாறியது. அனந்துவைக் கூப்பிட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். 

“சார், எங்கள் ஊரில் அப்போதுதான் மழை.”

“எந்த ஊர், மத்ராஜி பாபு?” என்றார் சேர்மன்.

“மன்னார்குடி.”

“ஆக, மன்னார்குடியில் மழை பெய்தால் என் தெருவில் விளக்கு எரியும்!” சேர்மன் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. துரைக்கும் தொற்றிக்கொண்டது. அனந்து மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

துரை அந்த இரண்டு மாதத்தை நீக்கிவிட்டு, ஜூன் முதல் நான்கு மாதம் என்று எழுதப் பேனா எடுத்தார். சேர்மன் அவர் கையைப் பிடித்தார். “மோஷாய், போட்ட கையெழுத்து போட்டதுதான். மன்னார்குடி மழையும் இருக்கட்டும், எங்கள் மழையையும் சேருங்கள்.”

“சேர்க்கிறேன். உரிமையை இருபத்தொரு வருஷமாக்குங்கள்.”

“ஆகட்டும்!”

இரண்டு மாதமாகத் துரை கேட்டும் கிடைக்காத ஒரு வருஷம் அது. அவர் அனந்துவிடம் திரும்பினார். “புத்தியால் கிடைக்காததைத் தப்பால் வாங்கித் தந்தாய். இன்றிலிருந்து நிரந்தரம். பத்து நாள் லீவு. போய் மனைவியை அழைத்து வா.”

அவன் வராந்தாவில் என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினான். பியூன் விழுந்தான், தண்ணீர்க் கூஜாவும் விழுந்தது.

திருத்திய பக்கத்தை மூன்று பிரதிகளுக்கும் அடித்துக்கொண்டு, சேர்மனின் சுருக்கொப்பம் வாங்க அவர் வீட்டுக்கு ஓடினான். அவர் இரண்டில் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஹௌராவில் மெட்ராஸ் மெயிலுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. “மிச்சத்தை வந்து வாங்கிக்கறேன், பாபு” என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

பத்தாம் நாள் பாகீரதியோடு வந்து இறங்கினான். கம்பெனி பீரோவில் இருக்கும் மூன்றாவது பிரதியில் சேர்மனின் சுருக்கொப்பம் இன்றுவரை இல்லை.