கிரகணம் வெட்டாத உதடு

செல்லக்கிளிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது போடி ஏலக்காய்க் கடையில் அவளோடு காய் தரம் பிரிக்கிற பெண்கள் எல்லாருக்கும் தெரியும். முதலாளி ஒரு சத்தம் போட்டால் இவள் ரெண்டு போடுவாள். அப்படிப்பட்டவள் பிள்ளை பெற்ற பிறகு வாயே திறக்கவில்லை. பிள்ளைக்கு மேலுதடு பிளந்திருந்தது, உள்ளே அண்ணமும் சேரவில்லை. சப்பிக் குடிக்க முடியாத அவனை நிமிர்த்தி வைத்து, பாலாடைச் சங்கில் புகட்டிக்கொண்டே கிடந்தாள்.

மாமியார் ராக்குதான் ஓயவில்லை. "கிரகணத்தன்னைக்கு அருவாமணை எடுக்காதேன்னேன், கேட்டாளா? அந்த வெட்டு பிள்ளை உதட்டுல விழுந்துருச்சு" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். புருஷன் ஜக்கையன் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். மலையில் எத்தனை வளைவிலும் திருப்புவான், ஆத்தா முன்னால் மட்டும் நாக்கு எழும்பாது.

பேர் வைக்கிற நாள் வந்தது. பிள்ளை தங்க வேண்டுமென்றால் பிச்சைமணி என்றுதான் வைக்கணும், முகத்தைத் துண்டால் மூடித்தான் தூக்கி வரணும் என்று ராக்கு கட்டளை போட்டாள். செல்லக்கிளி துண்டை உருவிக் கொடியில் போட்டுவிட்டு, பிள்ளையோடு சொந்தக்காரர்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் அத்தை, எனக்கு வளைகாப்புப் போட்டது கிரகணத்துக்கு முந்தியா பிந்தியா?"

"முந்தித்தான். அதுக்கென்ன இப்ப?"

"ஏழாம் மாசம் வளைகாப்பு. அதுக்கும் பெறகு கிரகணம். வயித்துக்குள்ள மொகம் ஒரே துண்டா வளராது அத்தை. ரெண்டு பக்கமிருந்தும் வந்து நடுவுல ஒட்டும். உதடு ரெண்டு மாசத்துக்குள்ள, அண்ணம் மூணு மாசத்துக்குள்ள. மதுரை டாக்டரம்மா படம் போட்டே காட்டுனாங்க. இவனுக்கு அப்பவே ஒட்டல. அருவாமணைக்கு அங்க என்ன சோலி?"

"அப்ப யாரு குத்தம்டி?"

"யாரு குத்தமும் இல்ல. ஏன் ஒட்டலைன்னு டாக்டரம்மாவுக்கே தெரியல. தைச்சா சேரும்னு தெரியும். தைக்கப் போறோம்."

பேரைக் காதில் சொல்ல வேண்டிய நாத்தனார் பொன்மணி, பிள்ளையிடம் குனிந்தாள். குனிந்தவள் தன் தாய் ராக்குவின் முறைப்பைப் பார்த்து, பிச்சைமணி என்று சொல்வதா விடுவதா என்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

செல்லக்கிளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பாலாடை, எத்தனை புரையேறல், ஒவ்வொரு சொட்டாக வளர்த்த பிள்ளை!

"எம் மகன் எவரும் போட்ட பிச்சை இல்ல. நீங்க நகருங்க மதினி. இவன் அத்தை சொல்லாட்டி, இவன் ஆத்தா நான் சொல்றேன்."

காதோடு சொல்ல வேண்டிய பேரை, கடைவீதி வரைக்கும் கேட்கிற மாதிரி மூன்று தரம் சொன்னாள்.

"இனியவன்! இனியவன்! இனியவன்!"