கண்மாயைச் சுற்றிப் போன கேபிள்

கேபிள் நீள நீள அதில் போகும் சிக்னல் தேயும் என்பதை இயற்பியல் சொல்லிவிடும். அந்தக் கேபிள் ஏன் அவ்வளவு நீளமாக இருக்க நேர்ந்தது என்ற கேள்விக்கு எந்தப் பாடத்தில் விடை தேடுவது?

தொற்றுக்காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அரிமளத்திற்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் வீடுகளுக்குக் கேபிள் இணைப்புத் தருவது சித்தப்பாவின் தொழில். அதுவரை சினிமாவையும் தொடர்களையும் மட்டுமே கொண்டுவந்த அந்தத் தொழிலுக்குத் திடீரென ஒரு கண்ணியம் வந்துசேர்ந்தது. பாடங்கள் தொலைக்காட்சியில் நடத்தப்பட்டன. "இப்ப நானும் ஒரு வாத்தியாருதான்" என்றார் சித்தப்பா. "ஆமா, பத்தாப்பு பெயிலான வாத்தியாரு" என்றாள் அம்மா.

அந்தக் கண்ணியம் காலனி வரை போய்ச் சேரவில்லை. காலனியின் கடைசி வீட்டில் இருந்தவள் என் வகுப்புத் தோழி. கணக்குப் பாடம் தொடங்கியதும் அவள் வீட்டுப் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். ஆசிரியை வாய் திறந்தபடியே நிற்பார். ஒருநாள் காலை அவளுடைய அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"டிவியில பாடம் வருதுன்னு சொல்லித்தான் புள்ளைய வீட்ல வச்சிருக்கேன் ஐயா. அதுவும் தெரியலைன்னா எதுக்குன்னு கேக்குறாரு அவுக அப்பா. விராலிமலைப் பக்கம் மில்லுக்கு அனுப்ப வேன்காரர்கிட்டச் சொல்லிட்டாரு. திங்கக்கெழம வேன் வந்துரும்."

சித்தப்பா அன்றே கிளம்பினார். தோழியைப் பார்க்கும் ஆசையில் நானும் உடன் போனேன். கடைசி வீட்டில் சிக்னலை அளக்கும் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். தோழியின் அப்பா கட்டிலைவிட்டு எழாமலே சொன்னார்: "நேரா இழுங்கன்னு அப்பவே கேட்டோம். ஊரைச் சுத்தி வந்தா அதுக்கும் களைப்பா இருக்காதா?"

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் தெருவின் கடைசி வீடு பெரியப்பாவுடையது. அப்பாவிற்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் மாடியில் நின்றால் காலனியின் முதல் வீட்டுக் கூரையில் காயும் வடகம் தெரியும். நடுவில் ஒரு நெற்களம் மட்டுமே. ஆனால் காலனிக்குப் போகும் கேபிள் அவர் வீட்டுக்கு முன்பே திரும்பி, கண்மாய்க் கரையேறி, கருவேல மரங்களையும் பம்புசெட் கொட்டகைகளையும் பற்றிக்கொண்டு, காலனிக்குள் பின்பக்கமாக நுழைந்தது.

திரும்பும் வழியில் நான் விடாமல் நச்சரித்ததால் சித்தப்பா பெரியப்பா வீட்டுப் படியேறினார். பெரியப்பா முதலில் மோர் கொடுத்தார்.

"புள்ளைக படிக்கட்டும்ப்பா, நான் வேணாம்னா சொல்றேன்? மாடியில ஓட்டை போட்டா ஒழுகும். சுத்தியே கொண்டுபோ."

"ஒரே ஒரு கிளாம்புதாண்ணே."

"ஒழுகும்னா ஒழுகும்டா. மீறிப் போட்டா நம்ம தெருவுல ஒருத்தன் ஒன் கேபிளை வச்சுக்குவானா? அதையும் யோசிச்சுக்க."

அவருடைய மாடியில் பழைய டிஷ்ஷின் குழாய் இருந்தது. துணிக்கொடிக்கு இரும்புக் கால்கள் இருந்தன. அவர் வீட்டு இணைப்பிற்குச் சித்தப்பாவே அடித்த கிளாம்பும் இருந்தது. அவை எதுவும் ஒழுகியதாகக் கேள்விப்பட்டதில்லை. புதிய ஓட்டைகளுக்குத் தனிக் குணம் போலும், எங்கள் தெரு மாடிகள் எல்லாமே ஒழுகும் சுபாவம் கொண்டவை போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டில் அப்பா, நடுவழியில் ஒரு ஆம்ப்ளிஃபையரை வைத்துவிடலாமே என்றார். "தேஞ்ச சிக்னலைப் பெருக்குனா கூடவே இரைச்சலும் பெருகும்ணே. பம்புசெட்டுக்குக் கரண்டு போனா அதுவும் அவிஞ்சு போகும்" என்றார் சித்தப்பா. மறுநாள் புதுக்கோட்டைக்குப் போய், பழையதைவிட இருமடங்கு தடிமனான கேபிள் ஒரு சுருளைக் கொண்டுவந்து இறக்கினார். நடுவில் தடித்த கம்பி. அதைச் சுற்றி இடைவெளி தெரியாத உலோக வலை. கரையோர ஈரம் உள்ளே இறங்காதிருக்கப் பசை. வெயில் தாங்கும் கறுப்பு உறை. கடைக்காரர் காட்டிய மலிவான சுருளில் வலை சல்லடைபோல் இருந்ததாம்.

காலனி ஆண்கள் கருவேலக் கிளைகளை வெட்டி வழி செய்தார்கள். பழைய கேபிள் துண்டு துண்டாக ஒட்டப்பட்டிருந்தது. புதியதைச் சித்தப்பா கரை நெடுகிலும் ஒட்டே இல்லாமல் இழுத்தார். திருப்பங்களில் "மடிச்சுராதீங்கப்பா, வளைச்சு விடுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். முனையில் கனெக்டரைப் பொருத்தியபோது, வலையின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொட்டுவிடாதபடி திருகி ஒதுக்கினார். வீட்டிற்குள் நுழையுமிடத்தில் மழைநீர் சொட்டிப்போகக் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டார். இத்தனை கவனத்தோடு அவர் எங்கள் தெருவில் எந்த வீட்டிற்கும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வேன் வந்து நின்றபோது தோழியின் வீட்டில் கணக்குப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா நின்றபடியே அதைப் பார்த்தார். "டீச்சரம்மா இவ்வளவு வேகமாவா பேசும்?" என்றார். பிறகு வெளியே போய் வேன்காரரிடம் ஏதோ சொன்னார். வேன் திரும்பிப் போயிற்று.

ஊரே சித்தப்பாவைப் பாராட்டியது. கைக்காசைப் போட்டுச் செய்தவன், நல்ல மனசு என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் பெரியப்பா. நான் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். தன் மாடியைக் காத்துக்கொள்வதற்கான விலையைத்தான் பெரியப்பா என் சித்தப்பாவைக் கட்ட வைத்தார் என்பதோ, அந்த நல்ல மனசு இருவருக்கும் வசதியாக இருந்தது என்பதோ எனக்கு அன்று விளங்கவில்லை.

தோழி பள்ளிப் படிப்பை முடித்து இப்போது செவிலியர் படிப்பில் இருக்கிறாள். காலனியில் எல்லா வீடுகளிலும் படம் தெளிவாகத் தெரிகிறது. நேராக இழுங்கள் என்று அதன்பின் அங்கே எவரும் கேட்கவில்லை.