பஸ் படத்து ஜன்னல்

வெயிலம்மாள் வீட்டுச் சுவரில் சாமி படம் உண்டு, நாள்காட்டி உண்டு, மனுசர் படம் ஒன்றுகூடக் கிடையாது. எட்டயபுரத்துக்குக் கிழக்கே அந்தக் கரிசல் ஊரில் செத்தவர் படத்தை மாட்டாத வீடு அவள் வீடு ஒன்றுதான்.

காரணம் அவள் புருசன் மாயகிருஷ்ணன். ஆட்டுச் சந்தைக்குப் போன இடத்தில் கூட்டாளிகள் இழுத்தார்கள் என்று ஸ்டூடியோவுக்குள் போய், தலையைப் படிய வாரிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து வந்தான். அந்த மாசம் முடியவில்லை, பருத்திக் காட்டில் பாம்பு தீண்டிச் செத்துப்போனான். படம்தான் ஆயுசைக் குடித்துவிட்டது என்று வெயிலம்மாள் அந்தப் போட்டோவை அடுப்பில் போட்டு எரித்தாள். எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னார்கள். கேட்டால்தானே? பின்னாளில் ரேஷன் கார்டுக்குப் படம் பிடிக்கக் கூப்பிட்டபோதும், "அரிசி வேணாம், ஆயுசு வேணும்" என்று ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவள் அவள்.

மூத்தவள் சந்தனமாரி, இளையவன் சீனி. மழை பொய்த்து ஆடுகளுக்கே குழை கிடைக்காத வருசத்தில், தாவணி போட்ட கையோடு சந்தனமாரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள். கோவில்பட்டியிலிருந்து ஆபீஸ் பஸ் விடியுமுன்னே வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்து கொண்டுவந்து கொட்டும். குச்சி அடுக்குகிற வேலை. விரல் நுனியெல்லாம் மருந்து பட்டுச் சிவந்தே கிடக்கும். சோற்றைப் பிசைந்தால் சோறும் மருந்து வாடை அடிக்கும்.

அந்தப் பஸ்ஸைத்தான் ஒருநாள் சினிமாக்காரர்கள் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிற பையன்களைப் பற்றிய சிரிப்புப் படம் அது. ஹெட்மாஸ்டர் சைக்கிளில் துரத்திக்கொண்டு வருவார். பையன்கள் ஓடிப்போய்த் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறி, தாவணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்வார்கள். பஸ்ஸில் இருக்கிற பிள்ளைகள் வெளியே பார்த்துச் சிரிக்கவேண்டும். அவ்வளவுதான் காட்சி.

அன்றைக்குப் பொழுதடைய வந்த சந்தனமாரி தூக்குச்சட்டியைக் கீழே வைக்குமுன் சொல்லிவிட்டாள்.

"எம்மா, எங்க பஸ்ஸப் படம் புடிச்சாவ. நான் டிரைவருக்குப் பின்னால உள்ள ஜன்னல்கிட்ட இருந்தேன்."

வெயிலம்மாள் அடுப்படியை விட்டு எழுந்து வந்தாள். "மூஞ்சியக் காட்டுனியாட்டி?"

"இல்லம்மா. தாவணிய இழுத்து மூடிக்கிட்டேன்."

"பொய் சொல்லாத."

"ஒம்மேல சத்தியமா மூடிக்கிட்டேம்மா."

வெயிலம்மாள் நம்பவில்லை. ஆடு தும்மினால்கூடச் சிரிக்கிற பிள்ளை, ஊரே சிரிக்கும்போது மூடிக்கொண்டா இருந்திருக்கும்? விளக்குமாற்றை எடுத்து முதுகிலும் காலிலும் வைத்தாள். அதற்குப் பிறகு கருப்பசாமி கோயிலில் கறுப்புக் கயிறு மந்திரித்து வந்து, ஏற்கெனவே மகள் மணிக்கட்டில் கிடந்த சோழிக் கயிற்றுக்குப் பக்கத்தில் அதையும் கட்டிவிட்டாள்.

அடுத்த சித்திரையில் ஆபீசில் தீப்பிடித்தது. மருந்து அறையில் பிடித்த தீ, குச்சி அடுக்கும் கொட்டகைக்கு ஒரே பாய்ச்சலாக வந்தது. சந்தனமாரியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மூட்டையைப் பிரிக்கக் கூடாது என்று போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். கொலுசைக் காட்டினார்கள். கொலுசு அவளுடையதுதான்.

செத்த பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் எல்லாம் ஆபீஸ் வாசலில் மண்ணை வாரி எறிந்தார்கள். கோர்ட்டுக்குப் போவோம் என்றார்கள். வெயிலம்மாள் போகவில்லை. ஆபீஸ் கணக்கர் வீட்டுக்கு வந்து, வழக்கு வேண்டாம் என்று எழுதிய காகிதத்தை நீட்டியபோது, "ஒங்க மேல குத்தமில்ல, அண்ணாச்சி. படம் புடிச்ச பாவிதான் கொண்டுபோயிட்டான்" என்று கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். தீயிலிருந்து தப்பிய பிள்ளைகளில் ஒருத்தி, பக்கத்து ஊர் ராதாமணி, கையில் கட்டோடு வந்து என்னவோ சொல்லப் பார்த்தாள். "நீ ஒன்னும் சொல்லவேண்டாம், எனக்குத் தெரியும்" என்று வெயிலம்மாள் அவளை அனுப்பிவிட்டாள்.

சினிமா அதற்குப் பிறகுதான் கொட்டகைக்கு வந்தது. ஊரில் அதற்குப் பேரே பஸ் படம்தான். பிறந்ததிலிருந்து சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்காதவள் எட்டயபுரத்துக்கு நடந்தே போனாள். தேய்ந்த பிலிம், திரையில் கோடுகோடாக மழை பெய்தது. பஸ் ஒரு வளைவில் திரும்பியது. டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னலில் ரெட்டைச் சடையும் ஊதாத் தாவணியுமாக ஒரு பிள்ளை வாய்நிறையச் சிரித்தது. ஆயுதபூஜைக்கு ஆபீசில் கொடுத்த ஊதாத் தாவணி அது. வெயிலம்மாள் இருந்த இடத்தை விட்டு எழுந்துவிட்டாள். பொய் சொல்லியிருக்காளே, கள்ளச் சிறுக்கி! முகத்தைக் காட்டித்தான் இருக்கிறாள். அதனால்தான் போனாள். ஆனாலும் முகம் இருக்கிறதே. சாக்குக்குள் காணாத முகம் அந்தா இருக்கிறதே.

அவளை ஒட்டித் தாவணியை மூடிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. "அந்தா பாருலே, ஒளிஞ்சிருக்கான்!" என்று கொட்டகையே விசிலடித்துச் சிரித்தது. என் பிள்ளைக்குப் பக்கத்தில் எந்த எடுபட்ட பயல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று வெயிலம்மாள் அந்த உருவத்தை வைதாள். டூரிங் டாக்கீசில் போட்டபோதும் வைதாள். பிற்பாடு பஞ்சாயத்து டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது வந்தபோதும் முதலில் சிரிக்கிற பிள்ளையைத் தொட்டு முத்தி, பிறகு பக்கத்தில் இருக்கிறவனை வைதுவிட்டுத்தான் உட்காருவாள். டி.வி. பெட்டித் தூசிதான் கையில் ஒட்டிக்கொள்ளும்.

இப்படியே அவள் முடி நரைத்துவிட்டது.

வீட்டுக்கு வீடு இலவச டி.வி. வந்த காலத்தில், லோடு வண்டி ஓட்டுகிற சீனி கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பஸ் படத்து டிவிடியை வாங்கிக்கொண்டு வந்தான். பழைய பிலிம் சுருளைத் தேடிப் பிடித்து, கீறலை எல்லாம் கம்ப்யூட்டரில் துடைத்து, வெளுத்துப்போன நிறத்துக்கு நிறம் ஏற்றிப் புதுசாகப் போட்டிருக்கிறார்களாம்.

"எம்மா, பளிங்கு மாதிரி இருக்குங்காவ. அந்த எடத்துல நிப்பாட்டி அக்கா மூஞ்சிய மட்டும் போட்டோவா எடுத்திருவோம். செவுத்துல மாட்டணும். இனிமே நீ வேணாம்னு சொல்லக்கூடாது."

வெயிலம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. போன பிள்ளைக்கு இனிமேல் என்ன ஆயுசு குறையப்போகிறது? அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த முகம் ஒன்றுதான். பக்கத்து வீட்டில் பிளேயரை இரவல் வாங்கினார்கள். மருமகள் முத்துச்செல்வி வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. பழைய படமா அது? புழுதி புழுதியாகவே தெரிந்தது, கரிசல் கறுப்பாகவே தெரிந்தது. ஹெட்மாஸ்டரின் சைக்கிள் மணிகூடப் பளபளத்தது. பையன்கள் முழிக்கிற முழிக்கு முத்துச்செல்வி விழுந்துவிழுந்து சிரித்தாள். பஸ் வளைவில் திரும்பியதும் சீனி பொத்தானை அமுக்கினான். படம் அசையாமல் நின்றது.

"இந்தா, அக்கா!"

வெயிலம்மாள் எழுந்துபோய் டி.வி.க்கு முன்னால் குத்தவைத்தாள். கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

சிரிக்கிற பிள்ளையின் மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி மின்னியது. சந்தனமாரிக்கு மூக்குக் குத்தவே இல்லை. சின்னதில் கிடாய் முட்டி அவள் இடது புருவம் பிளந்து ஆறியிருந்தது. இந்தப் பிள்ளையின் புருவம் முழுசாக இருந்தது.

"சீனி, இது ஒங்கக்கா இல்லலே."

"என்னம்மா சொல்லுத? நீதான எப்பவும்..."

"இல்லங்கேன்!"

வெயிலம்மாளின் கண் சிரிக்கிற முகத்தை விட்டு நகர்ந்தது. பக்கத்தில் இருந்த தாவணி மூட்டைக்குப் போனது. இத்தனை வருசமாக அவள் வைத உருவம். இப்போது அதற்குக் கை தெரிந்தது. சின்னக் கை. விரல் நுனி சிவந்திருந்தது. மணிக்கட்டில் கயிறு, கயிற்றில் சோழி. மூடிய தாவணி ஓரத்தில் ஒரு கண் மட்டும் வெளியே பார்த்தது. அதற்கு மேல் இரண்டாகப் பிளந்த புருவம்.

சீனிக்கு அப்போதுதான் விளங்கியது. "எம்மா, இது பையன் இல்லையா?" என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

அந்த டிவிடியிலேயே டைரக்டரின் பேட்டியும் வைத்திருந்தார்கள். வயசாகிவிட்ட மனுசர், நல்ல வேட்டி சட்டையில் சிரித்துக்கொண்டு சொன்னார்: ஒரு சிறுமி எவ்வளவு சொல்லியும் முகத்தைக் காட்டமாட்டேன் என்று அடம்பிடித்தாள்; போகட்டும் என்று விட்டுவிட்டோம்; சனங்கள் அவளை எங்கள் பையன்களில் ஒருத்தன் என்று நினைத்துக்கொண்டார்கள்; படத்திலேயே பெரிய சிரிப்பு அந்த இடத்துக்குத்தான்.

"அமத்துலே" என்றாள் வெயிலம்மாள். அமர்த்திய பிறகும் வெறும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான்.

"மூஞ்சியக் காட்டலயே அவ. அப்பொறம் எப்படிச் செத்தா?"

மறுநாள் சீனியை வண்டியை எடுக்கச் சொல்லி எப்போதும்வென்றான் ஊருக்குப் போனாள். தீயிலிருந்து தப்பிய ராதாமணியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. மிளகாய் வற்றலைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்தவள், இறங்கி வருகிற ஆளைப் பார்த்ததும் முந்தானையால் வலது கையை மூடினாள். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் தோல் சுருண்டு கிடக்கிற கை அது. மூக்கில் அதே சிவப்புக்கல்.

"வாங்க பெரியம்மா. வெயில்ல நிக்காதிய, உள்ள வாங்க."

"ஏட்டி, பஸ் படத்துல சிரிக்கது நீதானே?"

ராதாமணி மிளகாயைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. "ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்தியாக்கும்?"

"பஞ்சாயத்து டி.வி.ல போட்ட அன்னைக்கு நானும் அங்கனதான் நின்னேன் பெரியம்மா. நீங்க ஓடிப்போயி என் மூஞ்சியத் தடவி முத்துனிய. அது நாந்தான்னு எந்த வாயால சொல்ல?"

"அவ ஏட்டி மூடிக்கிட்டா?"

"'எங்கம்மா வைவா'ன்னா. நான்தான் வெளையாட்டுக்குத் தாவணியப் புடிச்சு இழுத்தேன். விடமாட்டேன்னுட்டா. அவ படுத பாட்டப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பாணி வந்துச்சு. அதத்தான் புடிச்சிட்டாவ."

வெயிலம்மாள் களத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. முதுகிலும் காலிலும் வைத்த விளக்குமாறு இப்போது அவள் மேலேயே விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் வந்தது அதற்காக அல்ல.

"அன்னைக்குக் கையில கட்டோட வந்து என்னமோ சொல்ல வந்தியே. நான் வெரட்டி விட்டேன். இப்பம் சொல்லு."

"இப்பம் எதுக்குப் பெரியம்மா? ஆபீஸே இல்ல. மொதலாளியும் போய்ச் சேந்தாச்சு. அந்த எடத்துல கல்யாண மண்டபம் கெட்டிட்டாவ."

"சொல்லுன்னா சொல்லு."

ராதாமணி சொன்னாள். பிள்ளைகள் தண்ணிக்கும் ஒண்ணுக்கும் அடிக்கடி வெளியே போகிறார்கள் என்று கொட்டகைக் கதவை வெளியே பூட்டிவைப்பது அங்கே வழக்கம். சாவி கணக்கரிடம் இருக்கும். அன்றைக்குக் கணக்கர் சாப்பிடப் போயிருந்தார். கம்பி இல்லாத சின்ன ஜன்னல் ஒன்றுதான். சந்தனமாரி குனிந்து முதுகைக் கொடுத்தாள். ராதாமணி அவள் முதுகில் ஏறி ஜன்னலுக்கு வெளியே விழுந்தாள். விழுந்தவள் எம்பி, அவளை இழுக்கக் கையை உள்ளே நீட்டினாள். நீட்டிய கையைத்தான் தீ பிடித்தது.

"நான் கைய எடுக்கல பெரியம்மா. கருப்பன் மேல ஆணையா, நான் எடுக்கல. வெளிய நின்னவிய இழுத்துப் போட்டுட்டாவ."

"கணக்கர் பூட்டுனானா?"

"ஆமா."

"அவன் கையிலதான் நான் காயிதத்தக் குடுத்தேன்" என்றாள் வெயிலம்மாள். அழவில்லை. ராதாமணியின் முந்தானையை விலக்கி, சுருண்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போட்டோக்காரனையும் சினிமாக்காரனையும் வைது தீர்த்த வாய், வையவேண்டியவனுக்கு அண்ணாச்சி என்று மரியாதை கொடுத்து அனுப்பியிருக்கிறது. இப்போது வைதால் யார் காதில் விழும்?

கோவில்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற சாமித்துரை கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிசாக்கிக் காட்டினான்.

"ஆச்சி, மூஞ்சி மூடியிருக்கே. ஒங்க மகன் சாயல எடுத்து, பொம்பளப்பிள்ள மூஞ்சியா அதுல பொருத்தித் தந்துருதேன். எல்லாரும் அப்படித்தான் செய்தாவ. அச்சு அசலா இருக்கும்."

"ஒன்னும் பொருத்தாண்டாம். இருக்கபடி குடு."

"பாக்கவுக யாருன்னு கேப்பாவள்லா?"

"கேக்கட்டும். சொல்லுதேன்."

"சரி, பக்கத்துல சிரிக்க பிள்ள?"

"அவ உசுரோட இருக்கா. செத்தவ படத்துல வைக்கக்கூடாது, வெட்டிரு." சொல்லிவிட்டு வெயிலம்மாள் திரைக்குக் கிட்டத்தில் போனாள். தாவணி நுனியைப் பிடித்து இழுக்கிற கை ஒன்று தெரிந்தது. காயம் படாத, வளையல் போட்ட கை. "இந்தக் கைய மட்டும் விட்ரு."

வெள்ளிக்கிழமை சுவரில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினான் சீனி. முத்துச்செல்வி குங்குமச் சிமிழோடு வந்து நின்றவள், பொட்டு வைக்க இடம் தெரியாமல் கண்ணாடி மேல் விரலை அங்கும் இங்கும் கொண்டுபோனாள். நெற்றி முழுக்கத் தாவணி.

"இங்கன கொண்டா" என்று வெயிலம்மாள் சிமிழை வாங்கினாள். பிளந்த புருவத்துக்கு மேலே, தாவணி தொடங்குகிற ஓரத்தில், விரலை அழுத்தி வைத்தாள்.