லேபிள் ஓரத்து வெள்ளை இடம்

போன மாதம் ஒரு காலை. தையல் கூடத்து டெலிபோன் அடித்தது. நீளமாக, விடாமல்... வெளியூர் டிரங்க் கால்.

உங்களுக்கு எப்படியோ, டிரங்க் கால் என்றாலே எனக்குப் பயம். நல்ல செய்தி சொல்ல யார் காசு செலவழித்து டிரங்க் கால் போடுகிறார்கள்? நல்லதெல்லாம் ஆற அமரத் தபாலில்தான் வரும்.

மெட்ராஸ் ஏஜெண்ட் பேசினார். கொரகொர சத்தத்துக்கு நடுவில் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. "இந்தத் தடவையும் மிஷின் படிக்கலை, மேடம்."

கொடைக்கானலில் நான் பார்த்துக்கொள்ளும் தையல் கூடத்தைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். குழந்தைகளுக்கான கவுன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். வாங்குவது ஒரே ஒரு கம்பெனி; அவர்களுக்கு இங்கே ஆள் இந்த மெட்ராஸ் ஏஜெண்ட்தான். அந்தக் கம்பெனிக்கு இந்த வருஷம் புதிதாக ஓர் ஆசை. ஒவ்வொரு கவுனின் கழுத்துக்குள்ளும் ஒரு துணி லேபிள் வேண்டுமாம். அதில் 'பார்கோடு' இருக்க வேண்டுமாம்.

அது என்ன என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். சீப்பின் பல் மாதிரி வரிசையாகக் கறுப்புக் கோடுகள். சில தடி, சில மெல்லிசு. மனிதர்கள் படிப்பதற்கு இல்லை. அங்கே கடையில் ஒரு மிஷின் சிவப்பு வெளிச்சம் அடித்துப் பார்த்து, இன்ன கவுன், இன்ன சைஸ் என்று சொல்லிவிடுமாம். படித்தால் 'பீப்' என்று சத்தம் வரும். படிக்க முடியாவிட்டால் சத்தமே வராது.

அந்த மௌனத்தை நினைத்துத்தான் எனக்கு நடுக்கம். வாத்தியார் என்றால் தப்பு எங்கே என்று காட்டித் திட்டுவார். இது திட்டக்கூடத் திட்டாது. அப்படி ஒரு மிஷின் கொடைக்கானலில் கிடையாது, மதுரையில் விசாரித்தும் கிடைக்கவில்லை. நாங்களே அச்சடித்து, நாங்களே தைத்து, நன்றாக இருக்கிறதா என்று எங்களுக்கே தெரியாமல் பார்சல் கட்டினோம்.

முதல் தடவை தோற்றபோது காரணம் புரிந்தது. லேபிள் அச்சடித்தவர் ஜேம்ஸ். ஊரில் கிரீட்டிங் கார்டும் டி ஷர்ட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவர். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மிஸ்ட்தாங்க்கா ப்ராப்ளம். லேபிள் நாடா ஈரத்தைக் குடிச்சிட்டுக் கெடக்கு. இங்க் இழையோட ஓடிருது. கோடு பெருத்துப் போயி, நடுவுல இருக்கிற கேப் அடைஞ்சிருது."

சரி என்று பளபளக்கும் சாட்டின் நாடாவைத் தூக்கிப் போட்டோம். சாதாரணக் காட்டன் நாடா வாங்கி, கஞ்சி போட்டு, கரி அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து, மொடமொடவென்று இஸ்திரி போட்டோம். இங்க் கொஞ்சம் பரவினாலும் அளவு சரியாக வரட்டும் என்று ஸ்கிரீனிலேயே கோட்டை ஒரு மயிரிழை மெல்லிசாக்கினார் ஜேம்ஸ். கோடு கத்தி மாதிரி நின்றது. பார்சல் போனது. அதற்குப் பதில்தான் இந்த டிரங்க் கால்.

"ஒரே ஒரு சான்ஸ் கேட்டு வாங்கியிருக்கேன். சாம்பிளை எடுத்துக்கிட்டு நீங்களே வந்துடுங்க. அதுவும் படிக்கலைன்னா ஆர்டரை வேற ஊருக்குக் குடுத்துடுவாங்க மேடம்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். எல்லாத் தையல் மெஷினும் நின்றிருந்தது.

முன் வரிசையில் செல்வமணி. எங்கள் கூடத்தின் முதல் தரக் கை. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு வந்தவள். வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு, வேலைக்குப் போக முடியாது. இவள் தைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

"ஆர்டர் போயிருச்சுன்னா கூடத்தை மூடிருவாங்களாக்கா?" என்று கேட்டாள். "மறுபடியும் மூட்டை கட்டணுமா?"

சேச்சே, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். சொன்னதை நானே நம்பவில்லை.

மறுவாரம் வெள்ளனே முதல் பஸ். மேகம் இறங்கி ரோடு தெரியவில்லை. டிரைவர் ஹாரனை நம்பித்தான் வண்டி ஓட்டினார். எத்தனை வருஷமாக ஏறி இறங்குகிற மலை, எனக்கு அதில் பயம் கிடையாது. அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் இருந்தது. மடியில் கவுன்கள் இருந்த பையைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மெட்ராஸ் ஆபீசில் அந்த மிஷினை முதல்முறையாகப் பார்த்தேன். இதற்கா இவ்வளவு நடுங்கினோம்? ஒரு தடிப் பேனா, நுனியில் சிவப்பு வெளிச்சம், வால் போல ஒரு ஒயர். ஏஜெண்ட் முதல் லேபிளின் மேல் அதை இழுத்தார். சத்தமில்லை. மறுபடி இழுத்தார். இல்லை. அடுத்த கவுன். அதிலும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்ததை எடுத்தார்.

பீப்.

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அதற்கடுத்தது படிக்கவில்லை. அதற்கும் அடுத்தது படித்தது. அதே இங்க், அதே நாடா, அதே ஜேம்ஸ். பிறகு ஏன்?

படித்ததை ஒரு பக்கம், படிக்காததை ஒரு பக்கம் என்று குவித்தோம். குவிந்ததைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மிஷின் படித்ததெல்லாம் புதிதாகச் சேர்ந்த பெண்கள் தைத்தது. கோணல் மாணல், ஓரமெல்லாம் நாடா வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. நானாக இருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பேன். படிக்காதது அத்தனையும் அச்சு வார்த்த மாதிரி ரெட்டைத் தையல். யார் கை என்று எனக்கா தெரியாது?

செல்வமணி.

நாடாவின் இரண்டு பக்கமும் கடைசிக் கோடு வரைக்கும் உள்ளே மடித்து, கருநீல நூலால் இறுக்கியிருந்தாள். ஏஜெண்ட் உற்றுப் பார்த்தார். "ரெண்டு ஓரத்துலயும் வெள்ளையா இடம் விடணுமே மேடம். இல்லேன்னா கோடு எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுதுன்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்? இந்த நூலையும் ஒரு கோடுன்னு எடுத்துக்குது."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா என்றேன். எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தாராம். தெரிந்தவர்களுக்கு எப்போதும் அப்படித்தான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் வேறொரு பயம். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? உன் கைதான் காரணம் என்று கேட்டால் அவள் நொறுங்கிவிட மாட்டாளா? டீ வேளையில் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு கவுன்களையும் முன்னால் வைத்து, விஷயத்தைச் சொன்னேன்.

லேபிளையே தடவிக்கொண்டிருந்தாள்.

"சிலோன்ல இருந்து வரக்குள்ள நான் சின்னப் புள்ளைக்கா. மூட்டை மேல, துணியில பேரெழுதி அம்மா தச்சிருந்துச்சு. சும்மா மூலைக்கு ஒரு தையல். கப்பல்ல அது பிஞ்சு போச்சு. எறங்குனா, எங்க மூட்டை கண்ணு முன்னால கெடக்கு. பேரு இல்லாத மூட்டைய எப்படிக் குடுக்குறதுன்னுட்டாங்க. கம்பளியெல்லாம் அதுக்குள்ளதான். இந்தக் குளிருக்குச் சாக்கைப் போத்திக்கிட்டுக் கெடந்தோம். இப்பவும் லேபிளைக் கையில எடுத்தா, பிஞ்சிருமோன்னு கை தானா இறுக்கிப்புடுது."

ஒரு தரம் பிய்ந்துபோனது மறுபடி பிய்ந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து மடித்த மடிப்பு. அதுவே அவளை மறுபடி மூட்டை கட்ட வைக்கப் பார்த்தது.

லேபிளின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "சும்மா கெடக்குற எடத்தையுமா அந்த மிஷின் பாக்குது?"

"அதைத்தான் முதல்ல பாக்குமாம்" என்றேன்.

நாடாவை நீளமாக வெட்டச் சொன்னேன். மிஷினுக்கு வேண்டிய வெள்ளை தனியாக, செல்வமணியின் ரெட்டைத் தையலுக்கு வேண்டிய மடிப்பு தனியாக. நூலும் வெள்ளை. காரணம் தெரிந்துவிட்டது என்று கம்பெனியிடம் சொல்லி, ஏஜெண்ட் இன்னும் ஒரு தடவை அவகாசம் வாங்கித் தந்தார். பார்சல் போனது.

பிறகு காத்திருந்தோம். ஜேம்ஸ் தினமும் ஏதாவது சாக்கு வைத்து வந்து எட்டிப் பார்ப்பார். டெலிபோன் பக்கம் பார்க்காமலே அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன வாரம் அடித்தது. நீளமாக, விடாமல். ஓடிப்போய் ரிசீவரை எடுத்தேன்.

"எல்லாம் படிச்சிடுச்சு மேடம். ஒண்ணு பாக்கியில்லாம."

கூடத்தில் யாரோ கை தட்டினார்கள். செல்வமணி தட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த கவுனை எடுத்தாள்.

இப்போது அவள் தைக்கும் லேபிளில் ஓரத்து வெள்ளை அளவாக நிற்கிறது. ஆனால் தைத்து முடித்ததும் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்கிறாள். நான் கவனிக்காதது போலப் போய்விடுகிறேன். எந்த வாயால் அவளைக் கேட்பேன்? நல்ல செய்தி வந்த அந்த டெலிபோன் நேற்று சும்மா ஒரு ராங் நம்பருக்கு அடித்தது...

கூடத்திலேயே முதலில் பதறி எழுந்து நின்றவள் நான்தான்.