முன்னாடி எது, பின்னாடி எது

என் மருமகள் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் டீச்சர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் சிறுசுகளைப் பார்த்துக்கொள்வதும், எழுத்தும் பாட்டும் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பதுளையிலிருந்து ஒரு மேடம் வந்து வகுப்பைப் பார்த்துச் சரி என்று எழுதினால்தான் நிரந்தரம். மேடம் வரவேண்டிய வாரம் பார்த்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

"மாமா, நீங்க வந்து சத்தம் மட்டும் குடுங்க. பாடம் நான் பாத்துக்குறேன்" என்று காதருகில் வந்து சொன்னாள்.

நான் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் சத்தத்தோடு நின்றுகொள்ளும் குணம் எனக்கில்லை.

மேடம் முக்கியமாகப் பார்ப்பது, கதைப் படங்களை நடந்த வரிசைப்படி பிள்ளைகள் வைக்கிறார்களா என்பதைத்தானாம். மொத்தம் ஐந்து படங்கள். பாயில் உட்கார்ந்து கையைத் தூக்கி வாயைப் பிளக்கும் பிள்ளை. அதே படத்தின் ஜன்னலில் ஒரு பாதி வட்டம். பல் துலக்கும் பிள்ளை. தண்ணீர் கொட்டும் பீலிக்கு அடியில் குளிக்கும் பிள்ளை. கோப்பையோடு பிள்ளை. முதுகில் பையோடு நடக்கும் பிள்ளை. வரைந்தவர் யாரோ, கோப்பை பிடித்த கையில் ஆறு விரல். எதற்கும் இன்னொரு தடவை எண்ணினேன். ஆறுதான். படங்களின் பின்புறம் ஒன்றிலிருந்து ஐந்துவரை நானே இலக்கம் போட்டுவைத்தேன்.

பிள்ளைகள் பதினாலு பேர். ஒழுகும் மூக்குகள் ஒன்பது.

"எந்திரிச்ச ஒடனே என்னா செய்யணும்?" என்றேன்.

"தேத்தண்ணி!"

"பல்லு வெளக்காமலா?"

"தேத்தண்ணி குடிச்சாத்தான் கண்ணு தொறக்கும் தாத்தா."

குளிப்பில் கலகமே வந்துவிட்டது. விடியற்காலைப் பீலித் தண்ணீரில் குளித்தால் விறைத்துப் போவோம் என்றார்கள். முன்பல் இரண்டும் இல்லாத ஒரு பெண்பிள்ளை, "அந்தியில அம்மா மலையில இருந்து வந்துதான் எங்கள குளிப்பாட்டும்" என்றாள்.

"படத்துல இருக்குற புள்ள காலையிலதான் குளிக்கும்."

அவள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பாவம்" என்றாள்.

வாதாடிப் பயனில்லை என்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஐந்து பிள்ளைகளின் கழுத்தில் ஐந்து படங்களைக் கட்டித் தொங்கவிட்டேன். "முன்னாடி நடந்தது முன்னாடி நிக்கணும். பின்னாடி நடந்தது பின்னாடி நிக்கணும்" என்றேன். தினமும் பிஸ்கட்டுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள்; உடனே பிடித்துக்கொண்டார்கள். கரும்பலகையைப் பார்த்தபடி பாய்க்காரன் முதலில், பைக்காரன் கடைசியில். எத்தனை முறை கலைத்துவிட்டாலும் பிசகவில்லை.

மருமகள் காதில் கிசுகிசுத்தாள்: "அதுங்களுக்கு நிக்கிற எடம்தான் மாமா தெரியுது. நடந்தது தெரியல."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

மேடம் வந்த அன்று நல்ல மழை. கரும்பலகைப் பக்கம் நான் துடைத்துப் போட்டிருந்த நாற்காலிக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. மேடம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் வாசலோரம் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஐவரும் வழக்கம்போலக் கரும்பலகையைப் பார்த்து நின்றார்கள்.

"மூஞ்சியே தெரியலியே. என் பக்கம் திரும்புங்க பாப்போம்" என்றார் மேடம்.

ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே திரும்பினார்கள். பைக்காரன் முதலாள் ஆகிவிட்டான்.

"முன்னாடி நிக்கிற தம்பி, முதல்ல என்ன நடந்துச்சு?"

திரும்பி நில் என்று நான் விரலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், கழுத்துப் படத்தைப் பார்த்தான். "இஸ்கோல் விட்டு வந்துருச்சு" என்றான்.

"தேத்தண்ணி குடிச்சிச்சு" என்றான் அடுத்தவன்.

"அம்மா மலையில இருந்து வந்து பீலியில குளிப்பாட்டுச்சு!" என்றாள் முன்பல் இல்லாதவள், என்னைப் பார்த்துக்கொண்டே.

"பல்லு வெளக்கிச்சு."

"ராத்திரியிலயா? ரொம்ப நல்ல பழக்கம்" என்றார் மேடம்.

பாய்க்காரன் நிஜமாகவே ஒரு கொட்டாவி விட்டான். "படுத்துருச்சு."

"ஜன்னல்ல தெரியுறது என்ன?"

"நெலா."

ஐந்துக்கு ஐந்தும் தலைகீழ். ஆனால் கதையில் ஓர் ஓட்டைகூட இல்லை. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"மேடம், உண்மையில இது காலைக் கதை..." என்று ஆரம்பித்தேன்.

மேடம் பைக்காரனின் படத்தைத் திருப்பினார். என் கையெழுத்தில் பெரிய ஐந்து. பாய்க்காரனுடையதைத் திருப்பினார். ஒன்று. பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப பிள்ளைகளுக்கு வரிசை தெரியாதா, டீச்சர்?"

நான் பதில் சொல்ல எழுந்தேன். மருமகள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிள்ளைகளுக்கு முன்னால் போய் முட்டி போட்டு, கரகரத்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இந்தப் புள்ள காலையில என்னென்ன செய்யும்?"

யாரும் இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பாய்க்காரன் ஓடி முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் தேத்தண்ணிக்காரன். பல் துலக்குகிறவனை அவன் முழங்கையால் இடித்துப் பின்னால் தள்ளிவிட்டான். பல் துலக்குகிறவனுக்கும் பின்னால் பைக்காரன். முன்பல் இல்லாதவள் மட்டும் கழுத்திலிருந்து படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"நீங்க ஏன் நிக்கல?" என்றார் மேடம்.

"காலையில நான் இல்ல. அந்தியிலதான் வருவேன்."

"பின்னால நம்பர் போட்டிருக்கே?"

"அது தாத்தா போட்டது. தாத்தாவுக்குத் தெரியாது."

மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. பிறகு நிறைய எழுதினார். பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டு, பிரதி ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பாய்ந்து போய் முதலில் எடுத்தவன் நான்தான். கடைசி வரி கண்ணில் பட்டது: "பாடத்தின் நடுவே வெளியாள் ஒருவர் குறுக்கிட்டார்."

"வெளியாளா? முப்பத்தாறு வருஷம் இந்தத் தோட்டத்துக்குச் சம்பளக் கணக்குப் போட்டவன் வெளியாளா?"

மருமகள் தாளை எட்டிப் பார்த்தாள். "மேல என்னா மாமா எழுதியிருக்கு? மேல வாசிங்க!"

மேல் வரியில் அவளை நிரந்தரமாக்கலாம் என்று எழுதியிருந்தது. அதை நான் உரக்க வாசித்தேன், இரண்டு தடவை. பிறகு மறுபடி கடைசி வரிக்குப் போனேன்.