மக்கீன் முதலாளி காரில் தண்ணீர் இறங்கிய மத்தியானம்

எனக்கு மிச்சமிருப்பவை நான்கு பற்கள். அந்த நான்கின் மேல் சத்தியம்: இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. பொய் சொல்வதென்றால் என்னை இவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

1938, ஐப்பசி மாதம். மாத்தளையில் ஒரு கராஜில் நான்தான் பாஸ், அதாவது மூத்த மெக்கானிக். என்னோடு தகர வேலை செய்தவன் நுஹ்மான். ஏலக்காய் வியாபாரி மக்கீன் முதலாளியின் பழைய கார் எங்களிடம் வந்திருந்தது. மரச்சட்டத்தின் மேல் கன்வஸ் கூரை. மழை பெய்தால் பின்சீட்டின் இடப்பக்கம் சொட்டும். முதலாளியின் மனைவி உம்மு குல்தூம் உட்காருவது சரியாக அங்கேதான்.

ஏற்கெனவே இரண்டு தடவை "சரியாயிடுச்சி" என்று கொடுத்தனுப்பியிருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், ஓட்டையைத் தேடவேயில்லை. கண்ணில் பட்ட தையலிலெல்லாம் தாரைப் பூசிவிட்டேன்.

"பாக்காம பூசாதீங்க பாஸ்" என்றான் நுஹ்மான்.

"நீ தகரத்தத் தட்டு" என்றேன்.

மூன்றாம் தடவை அந்த அம்மாவே கராஜுக்கு வந்தார்.

"பாஸ், காருக்குள்ள குடை புடிச்சிட்டுப் போற பொம்பள இந்த மாத்தளையிலயே நான் ஒருத்திதான். ஞாயித்துக்கிழமை கண்டியில தங்கச்சிட கலியாணம். இந்தத் தடவையும் நனைஞ்சா, ஸ்பேனர வச்சிட்டு எங்க கடைக்கு ஏலக்கா பொறுக்க வாங்க."

கராஜே சிரித்தது. என் பேர் அந்த ஓட்டையில் தொங்கியது.

ஆகவே முறைப்படி இறங்கினேன். கூரையின் உட்பக்கம் முழுக்க சோக்குத் தூள் தடவினேன். தண்ணீர் எங்கே நுழைந்தாலும் அதில் கோடு கிழிக்கும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நான் உள்ளே. ஏணியில் வாளியோடு நுஹ்மான் வெளியே. நான் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் ஊற்ற வேண்டும். இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும்.

மணி 12.05. மற்றவர்கள் சோற்றுக்குப் போய்விட்டார்கள்.

டொக்.

தண்ணீர் விழுந்தது. கோடு இல்லை.

டொக் டொக். நின்றது.

12.20. மறுபடி ஒரு தட்டு. மறுபடி தண்ணீர். கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தட்டினேன்.

நிற்கவில்லை.

"நுஹ்மான்! போதும்டா!"

சளசளவென்று தண்ணீர் மட்டும்...

12.31. சட்டென்று நின்றது. அப்போது மேலிருந்து கேட்டது.

டொக்... டொக்... டொக்.

மூன்று தட்டு. எங்களிடம் மூன்று தட்டுக்கு அர்த்தமே இல்லை.

கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

மூச்சு விடும் சத்தம். என்னுடையது இல்லை.

டொக்...

12.52. கதவு திறந்தது. நுஹ்மான் நின்றான். தலையில் தொப்பி.

"என்ன பாஸ், உள்ளயே தூங்கிட்டீங்களா?"

"நீதானேடா தண்ணி ஊத்துன?"

"நானா? ஜும்மாத் தொழுகைக்குப் போயிட்டு இப்பதானே வாறன். சொல்லிட்டுத்தானே போனேன்."

ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. வாளி மூலையில் கவிழ்ந்திருந்தது. காரைச் சுற்றித் தரையெல்லாம் ஈரம்.

பின்சீட்டின் இடப்பக்கம் காய்ந்திருந்தது. நான் உட்கார்ந்திருந்த வலப்பக்கம் நனைந்திருந்தது. நுஹ்மான் சீட்டைப் பார்த்தான். என் காற்சட்டையைப் பார்த்தான். அந்த ஈரம் கூரையிலிருந்து வந்ததில்லை என்பதை இன்றுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

அன்றே முதலாளியிடம் போய், காரில் பேய் இருக்கிறது என்றேன். ஓட்டையைக் கண்டுபிடிக்காததற்கு அதைவிட நல்ல சாட்டு ஏது? முதலாளி நடுங்கிப்போனார். உம்மு குல்தூம் ரயிலில் கண்டிக்குப் போனார். "அந்தச் சனியன யாராச்சும் கொண்டு போங்க" என்றார் முதலாளி. ஒருவனும் முன்வரவில்லை.

பேய்க்குப் பயப்படாத ஒரே ஆள் நுஹ்மான். அவன் ஓட்டிக்கொண்டு போனான். ஓட்டையை ஒரே நாளில் கண்டுபிடித்து அடைத்தும் விட்டான். பதினோரு வருஷம் ஓடியது அந்தக் கார். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஊர் என்னை 'பேய் பாஸ்' என்றது.

போன மாதம் இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி பாப்பம்மா கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு நனைஞ்ச காச்சட்டையோட வந்து, திங்காத சோத்த நாய்க்குப் போட்டீங்களே. கருவாட்டுக் கொழம்பு. வெள்ளிக்கிழமையில நம்ம வீட்டுல என்னைக்குங்க கருவாடு ஆக்கியிருக்கேன்?"

அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமையில் ஏது ஜும்மா?